கடப்பாரை துளைத்த தலை

நேற்று வரைக்கும் நல்லாப் பேசிக்கிட்டிருந்தவன் இன்னிக்கு எடுத்தெறிஞ்சு பேசுறான். ரெக்கார்டு நோட்டை நாளைக்கு முடிச்சிடறேன்னு சொன்னவன் ஒரு செமஸ்டர் முழுக்க அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கான். நாம் என்ன செய்கிறோம்? உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவன் குணமே அப்படி, அவன் தேறாத கேஸ் என்று முடித்துவிடுகிறோம்.

குணம் என்று சொல்கிறோமே, அது எங்கே இருக்கிறது? நெஞ்சிலா? வளர்ப்பிலா? தலையெழுத்திலா? இந்தக் கேள்வியை மூளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டால் இன்றைக்கும் அவர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று ஒரு ரயில்பாதை போர்மேனின் பெயர். அவர் பட்டம் வாங்கியவர் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. வெடிவைத்துப் பாறை உடைத்தவர். பெயர் ஃபினியாஸ் கேஜ்.

அவருக்கு நேர்ந்த விபத்தை மனோதத்துவப் புத்தகங்கள் விரிவாகச் சொல்கின்றன. விபத்துக்குப் பிறகு அவர் உழைத்து வாழ்ந்த வருஷங்களைத்தான் பல புத்தகங்கள் மறந்துவிட்டன. நாம் இரண்டையும் பார்ப்போம்.

போர்மேன் கேஜ்

1823-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்தவர் கேஜ். 1848-இல் அவருக்கு வயது 25. பக்கத்து மாநிலமான வெர்மான்டில் ரட்லண்ட் - பர்லிங்டன் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். மலையும் பாறையுமான பூமி. தண்டவாளம் போகவேண்டிய வழியில் பாறையைத் தகர்த்தால்தான் பாதை. அந்த வெடிவைக்கும் கோஷ்டிக்கு கேஜ்தான் தலைவர்.

ஆள் நல்ல உடல்வாகு. சுறுசுறுப்பு, கெட்டிக்காரத்தனம், கணக்கு வழக்கில் நேர்மை, எடுத்த வேலையை முடிக்கும் பிடிவாதம் எல்லாம் உண்டு. காண்ட்ராக்டர்கள் தங்களிடம் இருந்த போர்மேன்களிலேயே திறமையும் பொறுப்பும் மிக்கவர் என்று அவரைத்தான் நினைத்தார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்று சிவில் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். பாறையில் ஆழமாகக் குழி போடவேண்டும். குழியில் கருமருந்தைக் கொட்டி, திரியை வைத்து, மேலே மணலைப் போடவேண்டும். பிறகு ஓர் இரும்புக் கம்பியால் மணலைக் குத்திக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்தால்தான் வெடியின் வேகம் மேலே வீணாகாமல் பாறைக்குள் போகும். இதில் மணல்தான் உயிர். மணல் இல்லாமல் இரும்பு நேராக மருந்தில் இறங்கினால், பாறையில் உரசி ஒரு பொறி பறந்தாலே போதும், கதை முடிந்தது.

கேஜ் தனக்கென்றே ஒரு கொல்லரிடம் சொல்லிச் செய்த கம்பி வைத்திருந்தார். நம்ம கடப்பாரை மாதிரிதான் இருக்கும். நீளம் 3 அடி 7 அங்குலம். குறுக்களவு ஒன்றேகால் அங்குலம். எடை பதிமூன்றேகால் பவுண்டு, அதாவது சுமார் 6 கிலோ. ஒரு முனை மட்டும் போகப்போக மெலிந்து கூராக இருக்கும். அந்தக் கூர்முனைதான் பிற்பாடு அவர் உயிரைக் காப்பாற்றியது என்று கேஜ் அனுபவத்தை ஆராய்ந்த டாக்டர் கருதினார்.

ஒரு நொடி

1848 செப்டம்பர் 13. மாலை சுமார் 4.30 மணி. இடம், வெர்மான்டில் கேவண்டிஷ் என்ற சிற்றூருக்குத் தெற்கே. கேஜ் ஒரு குழியில் கம்பியை வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் பக்கம் கவனம் போனது. தலையை வலது தோள் பக்கமாகத் திருப்பி ஏதோ பேச வாயெடுத்தார். அதே நொடியில் கம்பி பாறையில் உரசியது. பொறி பறந்தது. மருந்து வெடித்தது.

கூர்முனை முன்னே போக, கம்பி அவருடைய இடது கன்னத்தில் நுழைந்தது. இடது கண்ணுக்குப் பின்னால் ஏறி, மூளையின் முன்பகுதியைத் துளைத்து, நெற்றிக்கு மேலே உச்சிமண்டையைப் பிளந்துகொண்டு வெளியே பறந்தது. சுமார் 80 அடி தள்ளிப்போய் விழுந்தது!

மல்லாந்து விழுந்தார் கேஜ். கை கால் வெட்டி இழுத்தது. ஆள் போயிட்டார்னுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் சில நிமிஷங்களிலேயே அவர் பேசினார். ஆட்கள் கைத்தாங்கலாகப் பிடிக்க நடந்தார். மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே முக்கால் மைல் போய், தங்கியிருந்த விடுதியில் இறங்கினார். விடுதித் திண்ணையில் நாற்காலியில் உட்கார்ந்து டாக்டருக்காகக் காத்திருந்தார். முதலில் வந்த டாக்டர் வில்லியம்ஸ், நடந்ததை கேஜ் வாயாலேயே கேட்டும் முதலில் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்?

28 வயது டாக்டர்

மாலை 6 மணி சுமாருக்கு டாக்டர் ஜான் மார்ட்டின் ஹார்லோ வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவருக்கும் அப்போது வயது 28-தான். சின்ன ஊர் டாக்டர். நோய்க்குக் கிருமி காரணம் என்பதே மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளாத காலம் அது. லிஸ்டர் அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினி பயன்படுத்தி எழுதியது 1867-இல். பென்சிலின் வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

ஹார்லோ உடைந்த எலும்புத் துண்டுகளை எடுத்தார். பெரிய துண்டுகளைத் திரும்பவும் இடத்தில் பொருத்தினார். காயத்தை இறுக்கி மூடாமல், சீழ் வடிய வழி விட்டுக் கட்டுப்போட்டார். இந்த ஒரு புத்திசாலித்தனம் பெரிய உதவி. இருந்தும் சில நாளில் காயம் சீழ்ப்பிடித்தது. கேஜ் நினைவு மங்கிக் கிடந்தார். கூட இருந்தவர்கள் சவப்பெட்டியைக்கூடத் தயார் செய்துவிட்டார்கள். ஹார்லோ விடவில்லை. கத்தியால் கீறிச் சீழை வெளியேற்றினார். அதன்பின் நோயாளி தேற ஆரம்பித்தார். நவம்பர் 25-ஆம் தேதி, அதாவது விபத்து நடந்து பத்து வாரம் கழித்து, கேஜ் நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். இடது கண் பார்வை போயிருந்தது. மற்றபடி நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார், பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அப்பாடா, பிழைச்சிட்டார் என்று நாம் பெருமூச்சு விடலாம். கேஜுக்கு நிஜமான சோதனை இங்கேதான் ஆரம்பம்.

ஆள் வந்தார், வேலை வரவில்லை

உடம்பு தேறியதும் கேஜ் பழைய போர்மேன் வேலையைக் கேட்டார். காண்ட்ராக்டர்கள் தரவில்லை. தங்களிடம் இருந்த நல்ல போர்மேன் என்று சொன்ன அதே ஆட்கள்தான்! அவர்கள் சொன்ன காரணம், ஆள் மாறிவிட்டார் என்பது.

ஹார்லோ பிற்பாடு எழுதிவைத்த விவரம் இது. பொறுமையாக இருந்தவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அதற்கு முன் அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. தன் ஆசைக்குக் குறுக்கே யார் யோசனை சொன்னாலும் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பிடிவாதம், இன்னொரு பக்கம் நிமிஷத்துக்கு ஒரு புத்தி. ஏகப்பட்ட திட்டம் போடுவார், போட்ட வேகத்திலேயே கைவிடுவார். பழகினவர்கள் இது நம்ம கேஜ் இல்லையே என்று வருத்தப்பட்டார்கள்.

1849 இறுதியில் ஹார்வர்டு அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஹென்றி பிகலோ அவரை பாஸ்டன் நகருக்கு வரவழைத்துப் பல வாரம் பரிசோதித்தார். பிகலோவின் முடிவு வேறு. உடம்பும் புத்தியும் நன்றாகவே தேறிவிட்டன என்று 1850-இல் எழுதினார். பாருங்கள், ஒரே மனிதர், ஒரே மூளை, இரண்டு டாக்டர்கள், இரண்டு விதமான தீர்ப்பு! பேச்சையும் நடையையும் ஞாபகத்தையும் பார்த்தால் பிகலோ சொன்னது சரி. கூடவே வேலை செய்தவர்கள் நாலு நாள் பழகிப் பார்த்தால் ஹார்லோ சொன்னது சரி. குணத்தைத் தெர்மாமீட்டர் வைத்து அளக்க முடியாது என்பது இங்கே தெரிகிறது.

பிழைப்புக்கு என்ன செய்வது? கேஜ் அந்தக் கம்பியையும் எடுத்துக்கொண்டு தன்னையே காட்சிப்பொருளாக்கினார். நியூயார்க்கில் பார்னம் நடத்திய வேடிக்கைக் கூடத்தில் கொஞ்ச காலம் இருந்தார். தன் தலையைத் துளைத்த அந்தக் கம்பியைக் கடைசிவரை அவர் பிரியவே இல்லை.

நெற்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கம்பி துளைத்த இடத்துக்கு முன்மடல் என்று பெயர். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி. 1878-இல் டேவிட் ஃபெர்ரியர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, குரங்குகளின் முன்மடலில் செய்த சோதனைகளைப் பற்றி லண்டனில் சொற்பொழிவாற்றினார். முன்மடலின் முன்பகுதியை எடுத்தாலும் குரங்குக்குப் பார்வை போகவில்லை, கை கால் விழவில்லை. ஆனால் அதன் சுபாவம் மாறியிருந்தது. இதற்கு மனித சாட்சியாக அவர் காட்டியவர்தான் கேஜ். அதிலிருந்து கேஜ் பெயர் மருத்துவப் புத்தகங்களில் நிரந்தரமாகிவிட்டது.

மெக்கானிகல் நண்பர்களுக்குப் புரியும்படி சொன்னால், நீராவி என்ஜினில் கவர்னர் இருக்கிறதல்லவா, முன்மடல் ஏறக்குறைய அப்படி. என்ஜினை ஓட்டுவது கவர்னர் இல்லை. வேகம் கூடினால் நீராவியைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். அது கெட்டுப்போனாலும் என்ஜின் ஓடும், ஆனால் கட்டுப்பாடு இருக்காது. நமக்கு வரும் கோபம், ஆசை, பயம் எல்லாவற்றையும் ஒரு நொடி நிறுத்தி, இப்போ வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்வதில் முன்மடலுக்குப் பெரிய பங்கு உண்டு. திட்டம் போடுவது, போட்ட திட்டத்தில் நிற்பது, எதிரில் இருப்பவர் மனசு புண்படுமா என்று யோசிப்பது எல்லாம் இதோடு சேர்ந்த வேலைகள்.

1994-இல் ஹன்னா டமாசியோ குழுவினர் கேஜின் மண்டையோட்டை அளந்து, கம்பி போன பாதையைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டினார்கள். அதே ஆண்டு அவர் கணவர் அன்டோனியோ டமாசியோ எழுதிய புத்தகத்தில் முன்மடல் பாதித்த ஒரு நோயாளியைப் பற்றி வருகிறது. அடுத்த முறை எந்தத் தேதியில் வரலாம் என்று இரண்டு தேதிகளைச் சொன்னார்கள். அவர் சாதக பாதகங்களை அடுக்கி ஏறக்குறைய அரைமணி நேரம் யோசித்தாராம்! அறிவு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இது போதும் என்று முடிவு எடுக்க வைக்கும் உணர்ச்சி வேலை செய்யவில்லை. உணர்ச்சியை ஒதுக்கிவிட்டால் புத்தி கூர்மையாகும் என்று நாம் நினைப்பது எவ்வளவு தப்பு என்று இதிலிருந்து தெரிகிறது.

2012-இல் இன்னொரு ஆராய்ச்சிக் குழு எலெக்ட்ரிகல் நண்பர்களுக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொன்னது. கேஜ் மூளையின் மேற்பட்டையில் சேதம் சுமார் 4 சதவீதம்தான். ஆனால் மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகளில் சேதம் சுமார் 11 சதவீதம் என்று அவர்கள் கணித்தார்கள். அதாவது அறுந்தது ஒரு விளக்கு மட்டும் இல்லை, பல அறைகளுக்குப் போகும் வயரிங்கும் சேர்ந்தே அறுந்தது.

நம்ம விஷயத்துக்கு வருவோம். மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் முன்மடலும் ஒன்று. அது முழுசா முதிர இருபது வயதைத் தாண்டி இருபத்தைந்து வாக்கில் ஆகிறது. நம் வகுப்பில் இருப்பவர்களுக்கு வயது என்ன? கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! படிக்க உட்கார்ந்தவன் கிரிக்கெட் ஸ்கோர் கேட்க எழுந்து போவதும், சின்ன வார்த்தைக்குச் சட்டையைப் பிடிப்பதும் ஏன் நம் வயதில் அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம். தப்பிக்கச் சாக்கு இல்லை, காரணம்.

ஆறு குதிரை வண்டி

இனிமேல்தான் பல புத்தகங்கள் விட்டுவிட்ட பகுதி. மூளை சிதைந்து, குணம் கெட்டு, ஊர் ஊராகச் சுற்றி வீணாய்ப்போனவர் என்றுதான் கேஜை வெகுகாலம் எழுதிவந்தார்கள். நடந்தது என்ன?

கேஜ் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு குதிரை லாயத்தில் சுமார் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தார். 1852 ஆகஸ்டில் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சிலி நாட்டில் வால்பரைசோ துறைமுகத்துக்கும் சான்டியாகோ தலைநகரத்துக்கும் இடையே ஓடிய பயணிகள் கோச்சு வண்டிக்கு அவர் வண்டிக்காரர். ஆறு குதிரை பூட்டிய வண்டி!

இது லேசான வேலையா? ஆறு குதிரைக்கும் தனித்தனிக் கடிவாள வாரைக் கையில் பிடித்து, ஒவ்வொன்றின் போக்கையும் கவனித்து, மலைப்பாதையில் சுமார் நூறு மைல் ஓட்டவேண்டும். தெரியாத தேசம், தெரியாத பாஷை. பயணிகளிடம் மரியாதையாக நடக்கணும், நேரத்துக்குக் கிளம்பணும். பொறுமை இல்லாதவன், திட்டத்தில் நிற்காதவன் ஒரு மாசம் தாக்குப்பிடிக்க முடியுமா? கேஜ் ஏழு வருஷம் அங்கே இருந்தார். 1858-இல் அங்கே அவரைப் பார்த்துப் பழகிய ஒரு டாக்டர், அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாகவும் புத்தியில் எந்தக் குறையும் இல்லை என்றும் சொன்ன தகவல் பிற்காலத்தில்தான் ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் பட்டது.

இது எப்படி முடிந்தது? கேஜின் வாழ்க்கையைத் துருவித் துருவி ஆராய்ந்த மால்கம் மாக்மில்லன் ஒரு விளக்கம் தருகிறார். வண்டிக்காரர் வேலையில் தினமும் ஒரே ஒழுங்கு உண்டு. விடியுமுன் எழுந்து குதிரைகளைத் தேய்த்து, தீனி வைத்து, பூட்டி, குறித்த நேரத்துக்குக் கிளம்பவேண்டும். அடுத்து என்ன செய்வது என்று வேலையே சொல்லிக்கொடுத்துவிடும். உள்ளே உடைந்துபோன ஒழுங்கை வெளியே இருந்த ஒழுங்கு தாங்கிப்பிடித்தது. பல வருஷம் அப்படி நடந்ததில் அவர் பெருமளவு தேறியிருக்க வேண்டும் என்பது மாக்மில்லனின் கருத்து. மூளைக்காயம் பட்டவர்களுக்கு இன்று தரும் மறுவாழ்வுப் பயிற்சியிலும் இந்த மாதிரி படிப்படியான தினசரி ஒழுங்குக்கு முக்கிய இடம் உண்டு. கேஜுக்கு அதை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. குதிரைகள் கொடுத்தன.

மனசு கல்லாகிப்போனவராகவும் அவர் இல்லை. குழந்தைகள், குதிரைகள், நாய்கள் என்றால் அவருக்கு உயிர். அக்கா தங்கை பிள்ளைகளை உட்காரவைத்து, தான் செய்த சாகசங்கள் என்று கற்பனையாக அளந்துவிடுவாராம்!

கடைசி நாட்கள்

1859-இல் உடம்பு தளர்ந்தது. தாயும் குடும்பமும் அப்போது சான் பிரான்சிஸ்கோவில் இருந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தார். கொஞ்சம் தேறியதும் சும்மா இருக்க முடியாமல் பண்ணை வேலைக்குப் போனார். 1860 பிப்ரவரியில் வலிப்பு வந்தது. பழைய காயத்தின் விளைவு. வலிப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. 1860 மே 21-ஆம் தேதி கேஜ் காலமானார். வயது 36. விபத்துக்குப் பின் பதினோரு வருஷம் எட்டு மாதம் வாழ்ந்திருந்தார்.

டாக்டர் ஹார்லோவுக்கு இது ஆறு வருஷம் கழித்து, 1866-இல்தான் தெரிந்தது. அவர் கேஜின் தாய்க்குக் கடிதம் எழுதினார். குடும்பத்தார் சம்மதித்து, மண்டையோட்டைத் தோண்டியெடுத்து, அந்தக் கம்பியோடு சேர்த்து அவரிடம் ஒப்படைத்தார்கள். பெற்ற தாய்க்கு அது எவ்வளவு கஷ்டமான சம்மதம் என்று நினைத்துப்பாருங்கள். 1868-இல் ஹார்லோ முழு வரலாற்றையும் வெளியிட்டார். நாம் இன்று கேஜின் குணத்தைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஒரு டாக்டர் எழுதிய சில பாராக்களில் இருந்து வருவதுதான்.

அந்தச் சில பாராக்கள்தான் கை மாறி கை மாறிப் பெருசாயின. குடிகாரர் என்றார்கள், ஊதாரி என்றார்கள், வேலைக்கே லாயக்கில்லாதவர் என்றார்கள். 2000-ஆம் ஆண்டில் மாக்மில்லன் தன் புத்தகத்தில் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மூலச் சாட்சிகளில் எது இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக் காட்டினார். 2009-இல் கேஜின் பழைய புகைப்படம் ஒன்று அடையாளம் காணப்பட்டது. அதில் நன்றாக உடுத்திய, மிடுக்கான ஓர் இளைஞர், இடது கண் மூடியிருக்க, அந்தக் கம்பியைக் கையில் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வீணாய்ப்போனவர் மாதிரியா இருக்கிறது?

நண்பர்களே! நம் கோபத்துக்கும் சோம்பலுக்கும் பின்னால் மூளை என்ற உறுப்பு இருக்கிறது, அது அடிபட்டால் நல்லவன்கூட மாறிப்போவான் என்பதை கேஜின் முதல் சில மாதங்கள் சொல்கின்றன. மாறியவனுக்கு ஒரு வேலையும் ஓர் ஒழுங்கும் நம்பிக் கொடுத்தால் அவன் திரும்ப எழுந்து நிற்க முடியும் என்பதை அடுத்த வருஷங்கள் சொல்கின்றன. முதல் பாடத்தை உலகம் உடனே படித்துக்கொண்டது. இரண்டாவதைப் படிக்க நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. நாளைக்கு நம்மில் பலர் போர்மேன், சூப்பர்வைசர் என்று போகப்போகிறோம். நம் கீழேயும் ஆட்கள் வேலை செய்வார்கள். வெடிகுழியில் மணல் விழுந்ததா என்று பார்ப்பது நம் பொறுப்பு. அடிபட்டு எழுந்து திரும்பி வந்து நம் முன்னால் நிற்பவனுக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதும் நம் பொறுப்புதான்.

கேஜின் மண்டையோடும் அந்தக் கம்பியும் பாஸ்டனில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வாரன் உடற்கூறு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன. அவர் ஓட்டிய வண்டியைத்தான் யாரும் எடுத்துவைக்கவில்லை.